மீன்சுருட்டி பக்கம் ஒரு நாள்: ஏரி, மேடு, காணாமல் போன மதில்… இங்கே தன்னார்வலர்கள் என்னதான் செய்கிறார்கள்?

சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் பஸ்ஸில் ஏறினால், சேத்தியாத்தோப்பு தாண்டி மீன்சுருட்டி வரும்போது பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். மீதிப் பேர் போனில் இருப்பார்கள். அரியலூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் இந்த ஊர் பெரும்பாலானவர்களுக்கு ஒரு ஸ்டாப்பிங், அவ்வளவுதான். கொஞ்ச தூரம் போனதும் மரங்களுக்கு மேலே ஒரு விமானம் தலை காட்டும். அப்போதுதான் யாராவது ஒருத்தர் "கங்கைகொண்ட சோழபுரம் வந்துடுச்சு" என்பார்.

சுமார் 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராக இருந்த இடம் இது. அரண்மனை, கோட்டை, படை, கடைவீதி எல்லாம் இருந்த நகரம். இன்றைக்குக் கண்ணுக்குத் தெரிவது ஒரு கோயில், ஒரு ஏரி, சில மேடுகள், அப்புறம் ஊர்ப் பெயர்கள். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவதற்காகவே இங்கே சிலர் ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். மனு கொடுக்கிறார்கள், விழா எடுக்கிறார்கள், வருகிறவர்களுக்குக் கதை சொல்கிறார்கள்.

வார இறுதியில் 'வாலன்டியரிங்' போகலாமா என்று யோசிக்கும் ஆளா நீங்கள்? அப்படியென்றால் இந்த ஊர் உங்களுக்குக் கற்றுக்கொடுக்க நிறைய இருக்கிறது.

யார் இவர்கள்?

இந்தப் பகுதியில் அதிகம் அடிபடும் பெயர் கங்கைகொண்ட சோழபுரம் மேம்பாட்டுக் குழுமம். இது ஓர் அறக்கட்டளை. இதன் தலைவர் இரா. கோமகன். ராஜேந்திர சோழன் அரியணை ஏறிய ஆண்டு 1014. அதன் ஆயிரமாவது ஆண்டு நிறைவு 2014 ஜூலையில் இங்கே கொண்டாடப்பட்டபோது, இந்தக் குழுமத்தின் பெயர் வெளியூர்களுக்கும் தெரிய வந்தது. அதற்குப் பிறகு ஆடித் திருவாதிரை என்றாலே இந்த ஊரில் விழா என்றாகிவிட்டது.

ஏன் ஆடித் திருவாதிரை? ராஜேந்திரன் பிறந்தது மார்கழித் திருவாதிரை என்றுதான் நீண்ட காலம் நம்பிவந்தார்கள். அவர் பிறந்த நாள் ஆடி மாதத் திருவாதிரை என்று திருவாரூர் கோயில் கல்வெட்டு ஒன்று காட்டிக்கொடுத்தது. ஒரு கல்வெட்டைச் சரியாகப் படித்ததால் ஒரு விழாவின் மாதமே மாறிவிட்டது.

ஊர்க்காரர்கள் கையில் இருந்த அந்த விழாவை பின்னர் தமிழக அரசே அரசு விழாவாக ஏற்றுக்கொண்டது. 2025 ஜூலை 27-ல் ஆடித் திருவாதிரை விழாவின் நிறைவு நாளுக்குப் பிரதமரே இங்கு வந்தார். ராஜேந்திரனின் தென்கிழக்கு ஆசியக் கடற்படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டையும் சேர்த்து நடந்த விழா அது.

மேடை, கேமரா, கூட்டம் எல்லாம் அன்றோடு சரி. மற்ற 364 நாள் என்ன நடக்கிறது? அதைத் தெரிந்துகொள்ள ஊரைச் சுற்றிப் பார்க்கணும். இங்கே தன்னார்வலரின் வேலையும் ஊரில் பார்க்க வேண்டிய இடங்களும் ஒரே பட்டியல்தான்.

இடம் 1: விமானம் இல்லை, மதில்

கோயிலுக்குள் நுழைந்ததும் எல்லோரும் விமானத்தைப் பார்த்துத்தான் போன் எடுப்பார்கள். தப்பில்லை. சுமார் 55 மீட்டர் உயரம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் நேராக மேலே ஏறும். இங்கே அது லேசாக உள்வாங்கி வளைந்து ஏறும். அதற்குப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். 1987-ல் தஞ்சைப் பெரிய கோயில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2004-ல் இந்தக் கோயிலும் தாராசுரமும் அதோடு சேர்க்கப்பட்டன.

ஆனால் இந்த ஊரின் கதை புரியணும் என்றால், கோயிலைச் சுற்றி ஒரு நடை போய், மதில் எங்கே என்று தேடிப் பாருங்கள். பெரும்பகுதி இருக்காது.

1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் காலத்து வேலை. அதற்குக் கல் தேவைப்பட்டது. பக்கத்திலேயே ஒரு கல் கோயில் இருந்தது. மதில் கிட்டத்தட்ட முழுசாகப் பிரிக்கப்பட்டது. சிற்பங்கள் இருந்த கருங்கற்களும் போயின.

1855-ல் வெளியான ஓர் ஆங்கிலப் பதிவு இதை ஒளிக்காமல் சொல்கிறது. ஊர் மக்கள் தங்களால் முடிந்த மட்டும் தடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பலன் இல்லை. தடுத்தவர்களுக்கே தண்டனை கிடைத்திருக்கிறது. இடித்த கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று வாக்கு கொடுத்திருக்கிறார்கள். அந்த வாக்கும் காப்பாற்றப்படவில்லை என்று அதே பதிவு முடிகிறது.

இந்த ஊரில் பாரம்பரியத்தைக் காக்க நின்ற முதல் தன்னார்வலர்கள் என்று யாரையாவது சொல்லணும் என்றால், பெயர் தெரியாத அந்த மக்களைத்தான் சொல்லணும். அவர்களிடம் அமைப்பு இல்லை, பதிவு எண் இல்லை, லோகோ இல்லை. 'இது எங்க கோயில், கையை வைக்காதே' என்று சொன்னார்கள். தோற்றார்கள். ஆனால் அவர்கள் தடுத்தார்கள் என்ற செய்தி எழுத்தில் நின்றுவிட்டது.

இடம் 2: கீழணை

கும்பகோணம் சாலையில் தெற்கே போனால் அணைக்கரை. அங்கே இருப்பதுதான் மேலே சொன்ன கீழணை. ஆற்றையும் மதகுகளையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கலாம்.

இதில் வில்லன் யார் என்று தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். இந்த அணையால் பாசனம் பெற்ற வயல்கள் ஏராளம். இங்கிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வீராணம் ஏரிக்குப் போகிறது. 2004 முதல் வீராணம் தண்ணீர் சென்னைக்கு வருகிறது. சோழன் கோயில் மதிலின் கல்லால் எழுந்த அணையைத் தொட்டு வரும் தண்ணீரை, சென்னையில் அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களும் குடிக்கிறார்கள்.

'வளர்ச்சியா, பாரம்பரியமா?' என்ற கேள்வி கமென்ட் பாக்ஸில் தினமும் ஓடுகிறது. இங்கே அதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. அணை வேண்டும்தான். ஆனால் கல்லை வேறு இடத்திலிருந்து எடுத்திருக்கலாமே என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் அதிகாரம் இல்லை. இன்றைக்கு அந்த உரிமை இருக்கிறது. தன்னார்வலர் வேலையில் பாதி அதைப் பயன்படுத்துவதுதான்.

இடம் 3: மாளிகைமேடு

கோயிலிலிருந்து தென்மேற்கே சுமார் 2 கிலோமீட்டர். கூகுள் மேப்பில் போட்டால் வந்துவிடலாம். சோழர் அரண்மனை இருந்த இடம். பார்க்கும்போது 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். ஷெட், குழிகள், செங்கல் சுவர்களின் அடிப்பகுதி. அரண்மனை என்றதும் நம்ம மனசில் வருவது சினிமா செட். இங்கே இருப்பது அதன் அஸ்திவாரம்.

தமிழகத் தொல்லியல் துறை 1980-களில் இங்கே அகழாய்வு செய்தது. பிறகு 2021-ல் மீண்டும் வேலை தொடங்கியது. செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், கண்ணாடி வளையல் துண்டுகள், சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. சீனப் பீங்கான் எப்படி இங்கே வந்தது? கடல் வணிகம்தான். 1025-ல் கடாரம் வரை கப்பல் விட்ட அரசனின் தலைநகரில் சீனத்துச் சாமான் கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை.

சுவர்கள் ஏன் இவ்வளவு குறைவாக மிஞ்சியிருக்கின்றன? மேட்டைத் தோண்டினால் நல்ல செங்கல் கிடைக்கும் என்று தெரிந்து, காலங்காலமாக மக்களே எடுத்துப் போய் வீடு கட்டியதும் ஒரு காரணம். அதாவது மதிலை வெளியார் எடுத்தார்கள், அரண்மனையை ஊர்க்காரர்களே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். அது அரண்மனைச் செங்கல் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சும்மா கிடக்கும் செங்கல் என்றுதான் எடுத்தார்கள்.

அதனால்தான் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது பொழுதுபோக்கு வேலை இல்லை. கதை தெரிந்த பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் மேட்டைத் தோண்டக் கடப்பாரை எடுக்க யோசிப்பார்கள்.

இடம் 4: பெயர்ப் பலகைகள்

இது டிக்கெட் இல்லாத மியூசியம். மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் பைக்கில் சுற்றினால் போதும். உட்கோட்டை என்று ஒரு ஊர். உள்கோட்டை இருந்த பக்கம். மெய்க்காவல்புத்தூர் என்று ஒரு ஊர். மன்னரின் மெய்க்காவலர்களை நினைவூட்டும் பெயர். ஆயுதக்களம், சுண்ணாம்புக்குழி, கடாரங்கொண்டான் என்று பட்டியல் போகும். கட்டடங்கள் போனாலும் பெயர்கள் நிற்கின்றன. தலைநகரின் வரைபடத்தை ஊர்ப் பெயர்களே பாதி வரைந்துகொடுத்துவிடும்.

ஒரு தன்னார்வலர் செலவே இல்லாமல் செய்யக்கூடிய வேலை இங்கே இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களிடம் வயலின் பெயர், குளத்தின் பெயர், மேட்டின் பெயரைக் கேட்டுப் போனில் பதிவு செய்வது. ரெவின்யூ ரெக்கார்டில் வெறும் சர்வே எண்ணாக இருக்கும் நிலத்துக்கு, தாத்தா பாட்டி வாயில் ஒரு பெயர் இருக்கும். அந்தத் தலைமுறை போனால் பெயரும் போய்விடும்.

இடம் 5: சோழகங்கம்

கங்கை வரை போன படை கொண்டுவந்த நீரை ஊற்றி ராஜேந்திரன் வெட்டிய ஏரி. 'நீரால் ஆன வெற்றித் தூண்' என்று திருவாலங்காட்டுச் செப்பேடு இதைப் புகழ்கிறது. போரில் வென்றவர்கள் கல்லில் தூண் நடுவார்கள். இவர் ஏரியை வெட்டினார். இன்றைக்கு ஊர்க்காரர்களுக்கு இது பொன்னேரி.

வடக்கு தெற்காக 16 மைல் நீளத்துக்குக் கரை இருந்தது என்றும், கொள்ளிடத்திலிருந்து தனிக் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள் என்றும் 19-ம் நூற்றாண்டுப் பதிவு சொல்கிறது. அந்தப் பதிவு எழுதப்பட்டபோதே கரை உடைந்து, ஏரிக்குள் காடு மண்டியிருந்தது.

தன்னார்வலர்கள் இத்தனை ஆண்டுகள் திரும்பத் திரும்பக் கேட்டுவந்தவற்றில் முக்கியமானது இந்த ஏரியின் சீரமைப்பு. தூர் வாருங்கள், கரையைப் பலப்படுத்துங்கள், வரத்து வாய்க்காலைச் சரிசெய்யுங்கள் என்று. 2025 ஜூலையில் சோழகங்கத்துக்கு 19.25 கோடி ரூபாயில் பணிகள் என்று தமிழக அரசு அறிவித்தது. அதில் 12 கோடி நீர்வளத் துறை வேலைகளுக்கு, 7.25 கோடி சுற்றுலா வசதிகளுக்கு.

அறிவிப்பு வந்ததும் தன்னார்வலர் வேலை முடிந்துவிடுமா? இல்லை. அறிவிப்பு எப்போது டெண்டர் ஆகிறது, வேலை எங்கே தொடங்குகிறது, மழைக்கு முன் முடிகிறதா, தண்ணீர் உண்மையிலேயே வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கணும். 1836-ல் மதிலுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆனது என்று தெரிந்த ஊர் இது. வாக்கைக் குறித்து வைத்துக்கொண்டு திரும்பக் கேட்க ஒரு ஆள் வேண்டும். ஒரு தகவல் உரிமைச் சட்ட மனு, ஒரு கிராம சபைத் தீர்மானம், தேதி போட்ட ஒரு போட்டோ கூட இதற்கு உதவும்.

கையால் செய்யும் வேலை எதுவும் இல்லையா?

இருக்கு. ஐப்பசி பௌர்ணமிக்கு வாங்க.

அன்று பிரகதீஸ்வரருக்கு அன்னாபிஷேகம். சுமார் 4 மீட்டர் உயரமுள்ள லிங்கம் முழுவதும் சோற்றால் மூடப்படும். அதற்கு 100 மூட்டை அரிசி ஆகும். இவ்வளவு அரிசியைக் களைந்து, வடித்து, ஆறவைத்து, கூடை கூடையாகக் கருவறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கணும். பிறகு வந்த கூட்டத்துக்கு அன்னம் கொடுக்கணும். மிச்சத்தை நீர்நிலையில் மீன்களுக்கும் மற்ற உயிர்களுக்கும் உணவாகக் கரைப்பது வழக்கம். ஆள்பலம் இல்லாமல் இது நடக்காது.

வேலை முடிந்ததும் கோயிலின் வடக்கு வாசல் படிக்கட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். சண்டேசருக்குச் சிவன் தன் கையால் தலையில் மாலை சுற்றும் சிற்பம் இருக்கும். மாடு மேய்த்த ஒரு சிறுவன், மண்ணில் லிங்கம் பிடித்துப் பால் ஊற்றி வழிபட்டவன். அவனுடைய தொண்டுக்குக் கிடைத்த மரியாதை அது. இதில் ராஜேந்திரனின் முடிசூட்டையே சிற்பி காட்டியிருக்கிறார் என்று சொல்பவர்களும் உண்டு. அரிசிக் கூடை சுமந்து தோள் வலிக்கும்போது அந்தச் சிற்பம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

ஆன்மிகம் வேண்டாம், பறவைகள் போதும் என்பவர்களுக்கும் இதே மாவட்டத்தில் வேலை இருக்கிறது. மாவட்டத்தின் இன்னொரு முனையில் இருக்கும் கரைவெட்டி பறவைகள் சரணாலயம் 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வனத்துறை நடத்தும் பறவைகள் கணக்கெடுப்பில் தன்னார்வலர்களும் கலந்துகொள்கிறார்கள். விடியற்காலையில் எழுந்திருக்கணும், சத்தம் போடக்கூடாது. அவ்வளவுதான் தகுதி.

நல்ல எண்ணத்தில் செய்யும் தப்புகள்

பாரம்பரிய இடங்களில் ஆர்வம் அதிகமாகி, கெடுதல் செய்துவிட்டு வருபவர்கள் உண்டு. இவற்றைக் கவனத்தில் வையுங்கள்.

ஒன்று, சுத்தம் செய்கிறோம் என்று சிற்பத்தைத் தேய்க்காதீர்கள். கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாசியை எடுப்பதானாலும் அவர்கள் அனுமதியோடு, அவர்கள் முறையில்தான் நடக்கணும். சோப்பு, ஆசிட், கம்பி பிரஷ் எதுவும் கல்லுக்கு ஆகாது.

இரண்டு, கல்வெட்டு எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸ், மாவு, எண்ணெய் தடவாதீர்கள். பக்கவாட்டில் இருந்து டார்ச் அடித்து போட்டோ எடுத்தாலே எழுத்துகள் தெளிவாகத் தெரியும்.

மூன்று, மாளிகைமேட்டில் கிடக்கும் ஓட்டுத் துண்டை 'ஞாபகார்த்தமா' பாக்கெட்டில் போடாதீர்கள். அது எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. உங்கள் வீட்டு ஷோகேஸில் அது வெறும் ஓடு.

நான்கு, வயலிலோ வீடு கட்டும் இடத்திலோ சிலை, காசு, பானை கிடைத்தால் மறைக்காதீர்கள். 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கணும். நடைமுறையில் வி.ஏ.ஓ. அல்லது தாசில்தார் அலுவலகத்தில் சொன்னால் அவர்கள் மேலே கொண்டுபோவார்கள்.

ஐந்து, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதைத் தாண்டிய 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும். 2010-ல் திருத்தப்பட்ட சட்டம் இது. கோயில் பக்கத்தில் குடியிருக்கும் சாதாரணக் குடும்பங்களுக்கு இது நிஜமான சிரமம். வீட்டில் ஒரு ரூம் சேர்த்துக் கட்டவும் அலையணும். வெளியூரிலிருந்து வரும் தன்னார்வலர் 'ஏன் ஆக்கிரமிக்கிறீங்க?' என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அந்த அனுமதி விண்ணப்பத்தை எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுப்பவரைத்தான் ஊர் திரும்பக் கூப்பிடும்.

ஒரு நாள் போதுமா?

பார்ப்பதற்கு ஒரு நாள் போதும். காலையில் கோயில், வெயில் ஏறும் முன் மாளிகைமேடு, மதியம் நிழல், சாயங்காலம் ஏரிக்கரை அல்லது கீழணை. இந்தப் பக்கம் முந்திரித் தோப்புகள் நிறைய. முந்திரியும் வாங்கிக்கொண்டு வரலாம்.

தொண்டு செய்ய ஒரு நாள் போதாது. டி-ஷர்ட் போட்டுக் குப்பை பொறுக்கி குரூப் போட்டோ எடுப்பதோடு நின்றால், அடுத்த வாரம் அதே இடத்தில் அதே குப்பை இருக்கும். அதற்குப் பதிலாக உங்கள் தொழிலைக் கொண்டுவாருங்கள். மேப்பிங் தெரிந்தவர் ஊர்ப் பெயர்களை வரைபடத்தில் ஏற்றலாம். சட்டம் படித்தவர் மனு எழுதிக் கொடுக்கலாம். வீடியோ எடிட் செய்பவர் பெரியவர்களின் பேட்டியை ஒழுங்குபடுத்தலாம். ஆசிரியர்கள் ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய தினத்துக்கோ நவம்பர் 19 முதல் 25 வரை வரும் பாரம்பரிய வாரத்துக்கோ பிள்ளைகளை அழைத்து வரலாம். சிவில் இன்ஜினீயர்கள் ஏரி வேலை நடக்கும்போது சும்மா ஒரு நடை வந்து பார்த்தாலே உதவிதான்.

நன்கொடை கொடுக்க நினைத்தால், அமைப்பு பதிவு பெற்றதா, ரசீது தருமா, கணக்கு காட்டுமா என்று முதலில் கேளுங்கள். கேட்டால் நல்ல அமைப்பு கோபித்துக்கொள்ளாது.

முக்கியமான விஷயம், வெளியூரிலிருந்து போகிறவர்கள் முதலில் ஊர்க்காரர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது. 1836-ல் மதிலுக்காக நின்றவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். ஆயிரமாவது ஆண்டு விழாவை எடுத்தவர்களும் இவர்கள்தான். ஏரிக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தவர்களும் இவர்கள்தான். அவர்களுக்குப் புதிதாக ஒரு தலைவர் தேவையில்லை. கூட நிற்க இன்னும் நாலு பேர் இருந்தால் போதும்.

அடுத்த தடவை கும்பகோணம் பஸ்ஸில் போகும்போது மீன்சுருட்டியில் கண்ணைத் திறந்து வையுங்கள். முடிந்தால் கங்கைகொண்ட சோழபுரத்தில் இறங்கிக்கொள்ளுங்கள்.